இரண்டு மேசைக்கரண்டி வெள்ளைக் கொழுப்பு

அச்சில் வந்த எதையும் அரியரத்தினம் நம்பிவிடுவார். மெத்ரோப் படிக்கட்டில் மிதிபட்டுக் கிடக்கும் விளம்பரத் தாளைக்கூட எடுத்துத் தூசி தட்டி, நடந்துகொண்டே வாசித்து முடித்த பிறகுதான் குப்பைத்தொட்டியில் போடுவார். மாவுப் பையின் பின்பக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டு, மீன்காரன் சுற்றிக் கொடுத்த பழைய பேப்பர், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "சும்மா ஒருத்தன் காசு செலவழிச்சு அச்சடிப்பானே?" என்பார். நான் குருநகர்க் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிப்பதையே அரைகுறையாகக் கேட்கிற ஆள். அதனால் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லாத நாள் கிடையாது.

எண்பத்தேழாம் ஆண்டில் நாங்கள் மூன்று பேர் பிரான்சில், லா சப்பலில் ஓர் ஆறாம் மாடி அறையில் இருந்தோம். லிஃப்ட் இல்லை. குளியல் அறை இல்லை. தண்ணீர்க் குழாய் வெளியே படிக்கட்டு முகப்பில். அறைக்குள் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, மூன்று மெத்தைகள், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கார் து நோர் ஸ்டேசன் ரயில் சத்தம் உள்ளே வரும், மூடினால் எங்கள் கறி மணம் வெளியே போகாது. நாங்கள் பெரும்பாலும் ரயிலைத்தான் தெரிவு செய்தோம்.

அரியரத்தினத்துக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மீசாலையில். இங்கே கார் து லெஸ்ட் ஸ்டேசன் பக்கம் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கை இரண்டும் எப்போதும் ஊறிப்போய்த்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. காரணம் இங்கிலீஷ். லண்டனிலிருந்து யாருக்காவது கடிதம் வந்தாலும், கனடா எம்பசியிலிருந்து படிவம் வந்தாலும் நேரே அரியரத்தினத்திடம்தான் கொண்டு வருவார்கள். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி வாசிப்பார். அவருக்குத் தெரியாத இங்கிலீஷ் சொல் கிடையாது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அதைவிடப் பெரிய பிழை, அவரும் நம்பினார்.

மூன்றாவது ஆள் மகாலிங்கம் அண்ணை. கோண்டாவில் ஊர். ஐம்பத்தைந்து வயது. விடியப்புறம் எழுந்து போய் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. சைவம் என்றால் அப்படியொரு சைவம். இறைச்சி, மீன் மட்டுமல்ல, முட்டை பட்ட கரண்டிகூட அவர் பாத்திரத்துக்குள் போகக்கூடாது. மொஸ்கோவில் இறங்கி, கிழக்கு ஜெர்மனி வழியாக, காடு மேடெல்லாம் ஏஜென்சிக்காரன் இழுத்துக்கொண்டு வந்த பதினொரு நாளும் பாணும் அப்பிள் பழமும் மட்டும் தின்று வந்து சேர்ந்தவர். கூட வந்தவர்கள் டின் இறைச்சி சாப்பிட்டபோது இவர் திரும்பி இருந்து பச்சைத் தண்ணீர் குடித்திருக்கிறார். "வீடு போச்சு, காணி போச்சு, மனுசியும் போய்ச் சேந்திட்டாள். இதொண்டைத்தான் கையோடை கொண்டு வந்தனான்," என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய சாப்பாட்டைப் பற்றி நான் பகிடி விடுவதில்லை.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துப் பத்து வருடக் கார்ட் வருகிறதோ, அவர் கேக் வெட்ட வேண்டும். மேல் மாடி அறைகளில் உள்ள அத்தனை பேரும் வந்து நின்று கைதட்டுவார்கள். பேக்கரியில் வாங்கிய கிறீம் கேக். ஒவ்வொரு முறையும் மகாலிங்கம் அண்ணை கதவோரம் நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிடுவார். முட்டை போட்ட கேக்கை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

ஒரு பழைய அமெரிக்கப் பேப்பரால் வந்த கதை மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கியது. அங்கே ஜிஸ்லேன் என்ற பிரெஞ்சு மனுசி, எங்களுக்கு ஜிஸ்லேன் மடம், தனியாக இருந்தார். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், புருசன் இறந்து பல வருடம். அவருடைய தண்ணீர்ப் போத்தல்களையும் உருளைக்கிழங்குப் பையையும் அரியரத்தினம்தான் மேலே தூக்கிக் கொடுப்பார். ஒருநாள் படியில் நின்று அவர் இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பதைக் கண்டு, "உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா, மொசியு அரி?" என்று மடம் கேட்டார். தெரியும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார்.

அது ஒரு விதைக் கம்பனியின் பழைய கட்டலொக். கரட் படத்துக்கு மேலும் பூசணிப் படத்துக்கு மேலும் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டியிருந்தது. எல்லாம் சமையல் குறிப்புகள். மடத்தின் தாய் அமெரிக்காவில் இந்தியானாவில் பிறந்தவர். முதலாவது மகாயுத்தத்தின் கடைசி வருடத்தில் சிப்பாய்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்க வந்து, இங்கே ரயில்வேயில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். வெட்டி ஒட்டிய துண்டுகளில் பாதி கொண்டு வந்தவை, மீதி அவருடைய தமக்கை தபாலில் அனுப்பியவை. மடத்துக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். "அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த மூக்கும் இந்தப் புத்தகமும்தான். மூக்கைக் கண்ணாடியில் பார்க்கலாம், புத்தகத்தைத்தான் வாசிக்க முடியவில்லை," என்றாராம். அறுபது வருடமாக ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்றால் வெட்கமாம். தாயின் மொழி தனக்குத் தெரியாது என்று அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அரியரத்தினம் மூன்றாம் மாடிக்குப் போய்விடுவார். அவருக்கு அன்றுதான் லீவு. இங்கிலீஷில் வாசித்து, தன்னுடைய முறிந்த பிரெஞ்சில் பாதியும் கையசைவில் பாதியுமாக மடத்துக்கு விளக்குவார். மேலே வந்து எனக்கும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த அமெரிக்கப் பெண்கள் எழுதியதைக் கேட்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கிராம், லீற்றர் என்ற பேச்சே இல்லை. முட்டையளவு வெண்ணெய் போடு, தேத்தண்ணிக் கோப்பையால் ஒரு கோப்பை மா போடு, அடுப்புக்குள் கையை விட்டு இருபது எண்ணும் வரை பொறுக்குமென்றால் சூடு சரி, வெந்ததும் இறக்கு. பழம் இல்லாத காலத்தில் வினாகிரியை வைத்து, பை என்கிற இனிப்புப் பணியாரம் செய்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி வத்தகப்பழத்தின் தோலை எறியாமல் ஊறுகாய் போடச் சொல்கிறாள். கீழே பெயர் போடும்போது எல்லாரும் புருசனின் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.

"சமைச்சது அவள், பேர் அவன்ரை. அங்கையும் உதுதான்," என்றேன்.

"பேசாமல் கேள், இஞ்ஞாசி. எழுபது வருசத்துக்கு முந்தி அச்சடிச்சது," என்று அரியரத்தினம் அதட்டினார்.

அந்த வருடம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை மகாலிங்கம் அண்ணைக்குக் கார்ட் வந்தது. மூன்று வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று தற்காலிகத் துண்டைப் புதுப்பித்த மனிதர். கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருப்பது தான்தானோ என்று சந்தேகப்பட்டவர் போல என்னிடம் ஒருமுறை காட்டினார். பிறகு பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

"அண்ணை, கேக் வெட்ட வேணும்," என்றேன்.

"வெட்டுங்கோ. காசு நான் தாறன். நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றார் சிரித்துக்கொண்டு.

தன்னுடைய கேக்கைத் தானே தின்ன முடியாமல் கதவோரம் நிற்கப்போகிறார் என்று நினைக்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அரியரத்தினம் எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினார். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தவரின் கையில் அந்தக் கட்டலொக் இருந்தது. "அண்ணை, இஞ்சை பாருங்கோ!" என்று ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டுப் பேப்பர். தலைப்பு பெரிய எழுத்தில்: முட்டையில்லாத, பாலில்லாத, வெண்ணெயில்லாத கேக். யுத்த காலத்தில் முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் சிப்பாய்களுக்கு மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லிக் கொடுத்த கேக்.

"முட்டை இல்லையே?" என்று மகாலிங்கம் அண்ணை இரண்டாம் முறையும் கேட்டார்.

"தலைப்பிலையே போட்டிருக்கிறான் அண்ணை. பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. சுத்த சைவம்."

"நீ சொன்னால் சரி, அரியம்."

எங்கள் ஆட்களுக்குக் கேக்கில் சைவத்துக்கு ஆகாத சாமான் ஒன்றே ஒன்றுதான், முட்டை. முட்டை இல்லையென்றால் சைவம். கணக்கு முடிந்தது. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மடத்தின் குசினியில் அரியரத்தினம் கேக் போட்டார். பழுப்புச் சீனி, தண்ணீர், முந்திரிகை வற்றல், கறுவா, கராம்பு எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மாவும் அப்பச்சோடாவும் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு சாமான் அவரை மறித்தது. 'லார்ட், இரண்டு மேசைக்கரண்டி.' அந்தச் சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் அப்படியொரு சாமான் வந்ததில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இல்லை. மடமோ பக்கத்தில் கரண்டியோடு நிற்கிறார். அறுபது வருடம் காத்திருந்த அந்த மனுசியிடம் ஒரு சொல் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அது உருகும் வரை கொதிக்க விடு என்று கீழே எழுதியிருந்ததால், ஏதோ கொழுப்பு வகை என்று பிடித்துக்கொண்டார்.

"உருகுகிற ஒரு கொழுப்பு, மடம்," என்றார் பிரெஞ்சில், பெரிய ஆள் போல.

மடம் அலுமாரியைத் திறந்து, ஒரு சின்னத் தட்டில் கிடந்த வெள்ளைக் கட்டியை எடுத்து இரண்டு கரண்டி சுரண்டிப் போட்டார். அது என்னவென்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கேக் வெட்டினோம். மடமும் மூன்று மாடி ஏறி வந்தார். எங்கள் அறைக்குள் பதினாலு பேர், மிச்சப் பேர் படிக்கட்டில். கேக் கறுப்பாக, தட்டையாக, அழகில்லாமல்தான் இருந்தது. ஆனால் கறுவா மணம் ஊரைத் தூக்கியது. மகாலிங்கம் அண்ணை வெட்டிய துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "கேக் எண்டால் இப்பிடியோ இருக்கும்?" என்றார் கடைசியில். ஐம்பத்தைந்து வயதில் முதல் கேக். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜிஸ்லேன் மடம் தாயின் குறிப்பை முதன்முதலாகத் தின்றுவிட்டு, "கொஞ்சம் காய்ந்துவிட்டது, ஆனால் நல்லது," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் நாலு துண்டு தின்றேன். அன்றைக்கு அந்த அறையில் அரியரத்தினத்தைவிடச் சந்தோசமான ஆள் இல்லை.

மறுநாள் காலை அவர் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஏரோகிராமில் கேக் குறிப்பையும் தமிழில் எழுதினார். சீனி எழுதினார், முந்திரிகை வற்றல் எழுதினார், அந்தச் சொல் வந்ததும் பேனை நின்றுவிட்டது. மனைவியிடம் "ஏதோ ஒரு கொழுப்பு" என்று எழுத அவருக்குக் கௌரவம் விடவில்லை. எழுந்து நூலகத்துக்குப் போனார். பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தார்.

பன்றியின் கொழுப்பை உருக்கி வடித்தது.

திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. ஆறு மாடி ஏறியதால் அல்ல. நான் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தேன். மெத்தையோரம் வந்து குந்தி இருந்து, "இஞ்ஞாசி, மகாலிங்கம் அண்ணைக்குப் பண்டியைத் தீத்திப்போட்டன்," என்றார். அண்ணைக்குப் பன்றியை ஊட்டிவிட்டார் என்று எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் எடுத்தது. முட்டையை மிச்சம் பிடித்த அமெரிக்காக்காரி பன்றியை மிச்சம் பிடிக்கவில்லை. அவளுக்கு அது பெரிய காரியமே இல்லை.

"மடம் என்ன போட்டவ எண்டு முதல் கேளுங்கோ," என்றேன்.

கேட்கத்தான் போனாராம். கதவைத் தட்டினால் ஆளில்லை. காலை ரயிலில் ருவான் என்ற ஊரில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்று பக்கத்துக் கதவுக்காரி சொன்னாளாம். கதவுக்குப் பின்னால், அலுமாரிக்குள், அந்த வெள்ளைக் கட்டி. எங்கள் தெருமுனையில் பன்றி இறைச்சிக் கடை ஒன்று இருந்தது. அரியரத்தினம் அதன் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்திருக்கிறார். உள்ளே தட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. "அச்சு அசல் அதே மாதிரித்தான், இஞ்ஞாசி," என்றார்.

நான் நடைமுறை ஆள். "வயித்துக்குள்ளை போனது போனதுதான். அந்த மனுசன் சந்தோசமா இருக்குது. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது," என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

அன்றிலிருந்து அரியரத்தினம் சாப்பிடவில்லை. தண்ணீரும் வெறும் தேத்தண்ணியும் மட்டும். வயிறு சரியில்லை என்று சொன்னார். மகாலிங்கம் அண்ணை அதை நம்பி, இஞ்சி இடித்துப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். "கேக் வேலை உனக்கு ஒத்துக்கொள்ளேல்லை. எனக்காகக் கஷ்டப்பட்டிட்டாய்," என்றார். அரியரத்தினம் அதை வாங்கி, அவர் முகத்தைப் பாராமல் குடித்தார். வெள்ளிக்கிழமை மகாலிங்கம் அண்ணை குளித்துத் திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தி, "இவ்வளவு தூரம் கொண்டு வந்து சேத்தாய், ஒரு குறையும் விடேல்லை," என்று பிள்ளையாருக்கு வாய்விட்டு நன்றி சொன்னார். அரியரத்தினம் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் இருந்தார். நானும் போனேன். எனக்குப் பன்றி ஒரு பிரச்சினையே இல்லை, பெருநாளுக்குப் பன்றிக்கறி இல்லாவிட்டால்தான் பிரச்சினை. ஆனாலும் அன்று எனக்கும் உள்ளே இருக்க முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்கோ. மடம் வரட்டும். வேறை ஏதாவது கொழுப்பாயிருந்தால் சொல்லத் தேவையே இல்லை," என்று கெஞ்சினேன்.

"அதாயிருந்தால்?"

நான் படிக்கட்டுக்குள்ளால் மடத்தின் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். "அதாயிருந்தால் சொல்ல எனக்குத் தைரியம் வராது, இஞ்ஞாசி. இப்பவே சொல்லிப்போடோணும்," என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் மகாலிங்கம் அண்ணை வேலைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அரியரத்தினம் போய் அவருக்கு முன்னால் நின்றார். அழகாகச் சொல்ல ஏதோ யோசித்து வைத்திருந்தார் போல, ஒன்றும் வரவில்லை. நேரடியாக விழுந்தது.

"அண்ணை, அந்தக் கேக்கிலை பண்டிக் கொழுப்பு போட எண்டுதான் எழுதியிருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. மடம் என்ன போட்டவ எண்டும் தெரியாது. அதுவாத்தான் இருக்கும்."

மகாலிங்கம் அண்ணை சட்டையைக் கம்பியில் விரித்துவிட்டுத்தான் திரும்பினார். "தெரிஞ்சு செய்தனியே?"

"சத்தியமா இல்லை, அண்ணை."

"அந்தச் சொல் தெரியாது எண்டு ஏன் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது."

மகாலிங்கம் அண்ணை தன் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார். வாய் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டது. மாசி மாதக் குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றினார். வந்து, ஈரத்தோடு திருநீறு பூசி, சுவரைப் பார்த்துச் சப்பாணி கட்டி இருந்தார். கோபமாக ஒரு வார்த்தை வந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். வரவில்லை. அன்று அவரும் சாப்பிடவில்லை. ஒரே அறைக்குள் இரண்டு பேர் பட்டினி, நடுவில் நான் எதைத் தின்ன? எனக்கு அந்தப் பேப்பர் மேலும், அந்த இந்தியானா மேலும், அச்சடித்தவன் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டரைக்கு மூன்றாம் மாடிக் கதவு திறபடும் சத்தம் கேட்டது. அரியரத்தினம் ஒரே ஓட்டம். நான் பின்னால். எங்களுக்குப் பின்னால், கைத்தடி போலப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகாலிங்கம் அண்ணையும் மெல்ல இறங்கி வந்தார். மடம் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, கையில் தங்கை கொடுத்துவிட்ட அப்பிள் பழப் பை. மூன்று தமிழர்கள் செத்த வீட்டு முகத்தோடு வாசலில் நிற்பதைக் கண்டு பயந்துவிட்டார்.

"கொழுப்பு, மடம். கேக் கொழுப்பு. அது என்ன?" அரியரத்தினத்துக்குப் பிரெஞ்சு மொத்தமும் மறந்துபோயிருந்தது. மிச்சத்தை நான் சொன்னேன்.

மடம் குசினிக்குள் போனார். அலுமாரி திறந்தது. ஏதோ விழுந்தது, அதைப் பொறுக்கினார், மறுபடி தேடினார். அந்த நேரத்தில் எனக்கே பிரார்த்தனை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கையில் அந்தத் தட்டும், மறு கையில் அதன் உறையுமாக வந்தார். உறையை எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் ஒரு மரத்தின் படம். நெட்டையாக, உச்சியில் ஓலையோடு.

தென்னை.

"தேங்காய்க் கொழுப்பு," என்றார் மடம். "உருளைக்கிழங்கு பொரிக்க வைத்திருக்கிறேன். என் கணவருக்கு இருதய வருத்தம் வந்ததிலிருந்து பன்றிக் கொழுப்பு இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. பதினைந்து வருடம்!"

நான் திரும்பி, "தேங்காயாம், அண்ணை. தேங்காயெண்ணெய்க் கட்டியாம்," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

மகாலிங்கம் அண்ணை வெறும் வார்த்தையை நம்பவில்லை. கையை நீட்டினார். மடம் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்தார். உருகியது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். விரலுக்கிடையில் வழுக்க விட்டுப் பார்த்தார். பிறகு, அந்தப் பிரெஞ்சு வாசலில் நின்றபடியே, இரண்டு கையாலும் தலையில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார்.

"தேங்காயெண்ணெய்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். நரைத்த தலை பளபளத்தது.

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரியரத்தினம் அப்படியே படியில் குந்திவிட்டார். குனிந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது, இரண்டும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். நாங்கள் என்ன பாடுபட்டோம் என்று மடத்துக்கு நான் விளக்கிச் சொன்னபோது அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அம்மாவின் குறிப்பில் பன்றிக் கொழுப்பு என்றா இருந்தது? எங்கள் மொழியிலும் அதே சொல்தான். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் கீழே கடைக்குப் போய் அதையே வாங்கி வந்திருப்பேனே!" என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொன்னேன். மகாலிங்கம் அண்ணை முதலில் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். அரியரத்தினத்துக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தால் கேக்கே நடந்திருக்காது. தெரியாத சொல்லைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு மடத்துக்கு எழுத்துக்கூட்டிக் காட்டியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அந்த மனிதருடைய வீண் கௌரவத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மேலே வந்ததும் அரியரத்தினம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "அண்ணை, என்னாலை நேற்று முழுக்க நீங்கள்…"

"நீ எப்ப கடைசியாச் சாப்பிட்டனி?" என்று மகாலிங்கம் அண்ணை இடைமறித்தார்.

நான்தான் சொன்னேன். "வியாழக்கிழமையிலிருந்து ஒண்டும் இல்லை, அண்ணை. வயித்துக்கோளாறு எண்டது பொய்."

மகாலிங்கம் அண்ணை அடுப்பைப் பற்றவைத்தார். சோறு வைத்தார். பருப்பு அவித்தார். கத்தரிக்காயைத் தன் கையால் வெட்டி ஒரு வெள்ளைக்கறி வைத்தார். எண்ணெய் வழிகிற தலையோடு, வேறு யாரையும் அடுப்புக்குக் கிட்ட விடாமல், எல்லாவற்றையும் அவரே செய்தார். பிறகு கோப்பையில் போட்டு அரியரத்தினத்தின் மடியில் வைத்து, எதிரே இருந்துகொண்டார். அரியரத்தினம் பிசைந்து ஒரு வாய் வைத்தார், புரைக்கேறியது. மகாலிங்கம் அண்ணை தண்ணீரை எடுத்து நீட்டினார். இரண்டாவது வாய் இறங்கியது.

அவர் முழுதும் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகாலிங்கம் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"இஞ்ஞாசி, அந்தக் கார்டுக்குப் படிவம் நிரப்பேக்கை, பிரான்சிலை உறவினர் இருக்கினமோ எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தவங்கள். இல்லையெண்டு எழுதினனான்," என்றார். "பிழையா எழுதிப்போட்டன்."

அரியரத்தினம் கை கழுவ எழுந்தார். மகாலிங்கம் அண்ணை அவரைத் தோளில் பிடித்து இருத்தி, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார்.